பட்டத்தில் மதிப்பெண் குறைந்தவர்க்கும் நிர்வாகக் கல்வி உண்டு

கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் கிராமங்களில் இரண்டு விதமான வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டில் முதல் வகுப்பில் தேறிய பிள்ளையைச் சுற்றி உறவினர் கூடியிருப்பர்; அடுத்து என்ன படிக்கலாம் என்ற ஆலோசனை நடைபெறும். மற்றொரு வீட்டில் பேச்சே இராது. நிலுவைத் தாள்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறி, நூற்றுக்கு 52 என்ற அளவில் பட்டம் பெற்ற மகனோ மகளோ அந்த வீட்டில் இருப்பார். "இனி மேற்படிப்பு எதற்கு?" என்று தந்தையார் சொல்லிவிடுவார். மகனாயின் கிடைத்த வேலைக்கு வெளியூர் செல்வான். மகளாயின் வரன் பார்க்கத் தொடங்குவர். மூன்றாண்டுப் படிப்பின் மதிப்பெண் பட்டியல் ஒன்றே வாழ்நாள் முழுமைக்கும் தீர்ப்பாகிவிடுகிறது.

இத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பாகும். ஊராட்சி மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தைப் பற்றி அங்கத்தினர் அனைவரும் அறிவர். அதில் எழுதிய பக்கத்தைக் கிழித்தல் ஆகாது. அழித்து எழுதுதலும் ஆகாது. ஆயினும் அடுத்த கூட்டத்தில் புதிய தீர்மானம் எழுதுவதை எவரும் தடுக்க இயலாது. பட்டப் படிப்பின் மதிப்பெண்ணும் அத்தகையதே. அதை மறைத்தல் கூடாது, மாற்றலும் முடியாது. ஆனால் அதற்குப் பின்னே நல்ல பக்கங்களை எழுதலாம். நாட்டின் உயர்ந்த நிர்வாகக் கல்வி நிலையங்களுக்கு அவ்வாறு விண்ணப்பிக்கும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நிர்வாகக் கல்வி கிராமத்துக்கு எதற்கு?

எம்.பி.ஏ. போன்ற நிர்வாகப் படிப்பு பட்டணத்துக் கம்பெனிகளுக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அகமதாபாத்திலுள்ள இந்திய மேலாண்மைக் கழகம், அதாவது ஐ.ஐ.எம்., 1961-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதல் முழுநேர இயக்குநராகிய ரவி மத்தாய் அவர்கள் 1972-இல் அப்பதவியை விட்டு விலகியபின், 1975-இல் இராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தின் ஜவாஜா பகுதிக்குச் சென்று, நெசவாளரும் தோல் தொழிலாளரும் தம் தொழிலைத் தாமே நடத்திக்கொள்ளும் முயற்சியில் ஈடுபட்டார். பால் கூட்டுறவை நாடெங்கும் பரப்பிய டாக்டர் வர்கீஸ் குரியன் அவர்கள், கூட்டுறவுகளுக்குத் தேர்ந்த நிர்வாகிகள் வேண்டும் என்பதற்காகவே 1979-இல் குஜராத் மாநிலம் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கழகத்தை நிறுவினார். நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளி ஐ.ஐ.எம்., புதுக்கோட்டைச் சாலையில் சின்ன சூரியூர் என்னும் கிராமத்தில் அமைந்துள்ளது.

2020-இல் நாடெங்கும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. அத்தகைய அமைப்பில் நெல்லையும் நிலக்கடலையையும் விளைவிக்க ஆளுண்டு. கணக்கு வைக்கவும், வங்கியுடன் பேசவும், விலை நிலவரம் அறிந்து விற்கவும் கற்றவர் வேண்டும். வயலில் நின்று பழகிய பிள்ளை அக்கல்வியையும் பெற்றால் அவ்விடத்துக்கு மிகவும் பொருத்தமானவராவார். அவருடைய கல்லூரி மதிப்பெண் குறைவு என்பதற்காக அவரை ஒதுக்கிவிடுதல் கிராமத்துக்கும் நட்டமேயாகும்.

முதற்படி: வாயிற்படியின் உயரம்

ஐ.ஐ.எம். நிலையங்கள் இன்று நாட்டில் இருபதுக்கும் மேற்பட்டு உள்ளன. அவற்றில் சேர 'கேட்' என்னும் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். இதனை ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் ஐ.ஐ.எம். முறை வைத்து நடத்துகிறது. இத்தேர்வை எழுதுவதற்குப் பட்டப் படிப்பில் நூற்றுக்கு 50 மதிப்பெண் போதுமானது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர்க்கு 45 போதும். இறுதியாண்டில் படிப்போரும் எழுதலாம். வயது வரம்பு இல்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. ஆகவே, 52 பெற்ற பிள்ளை வாயிற்படியைக் கடந்தவரே. இதை அறியாமலே பல வீடுகளில் முயற்சி கைவிடப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விழுக்காட்டைக் கணக்கிடும் முறையை மாணவரே தீர்மானித்தல் கூடாது. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் வழக்கப்படியே கணக்கிடல் வேண்டும். சிலர் முதன்மைப் பாடத்தில் மதிப்பெண் கூடுதலாக இருப்பதால் அதனை மட்டும் எழுதிவிடுவர். சிலர் 49-க்கு மேல் உள்ள பின்னத்தை 50 என்று நிரவிக்கொள்வர். சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது இது வெளிப்படும். கிடைத்த இடமும் பறிபோகும். ஐயம் இருப்பின் பல்கலைக்கழகத்தில் எழுத்து மூலமான விளக்கம் பெற்று வைத்துக்கொள்க.

50-க்கும் கீழே நிற்பவர் என்ன செய்வது? அவருக்கும் வழியுண்டு, ஆனால் அது நீண்ட வழியாகும். அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மற்றோர் இளங்கலைப் பட்டத்தை நன்முறையில் பெறலாம். பட்டயக் கணக்காளர், நிறுவனச் செயலர், செலவுக் கணக்காளர் ஆகிய தொழில்முறைத் தகுதிகளை உரிய மதிப்பெண்ணுடன் பெற்றவரையும் கேட் தேர்வுக்கு ஏற்கின்றனர். முதுகலையில் உயர்ந்த மதிப்பெண் பெற்றால் இளங்கலைக் குறை மறைந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. இளங்கலைக்கு வரம்பு வைத்த இடத்தில் இளங்கலையையே பார்ப்பர்.

இரண்டாம் படி: மதிப்பெண் எங்கே, எவ்வளவு எண்ணப்படுகிறது?

வாயிற்படியைக் கடத்தல் வேறு. உள்ளே இடம் பெறுதல் வேறு. கேட் தேர்வுக்குப் பின், நேர்காணலுக்கு அழைக்கத் தக்கவரை ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாகத் தெரிந்தெடுக்கிறது. அப்போது கேட் மதிப்பெண்ணுடன் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப் படிப்பு ஆகியவற்றின் மதிப்பெண்களையும், வேலை அனுபவத்தையும் பல நிலையங்கள் சேர்த்துக் கணக்கிடுகின்றன. பெண் விண்ணப்பதாரர்களுக்குச் சில நிலையங்கள் கூடுதல் மதிப்பெண் அளிக்கின்றன. எதற்கு எவ்வளவு என்பது நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். ஆண்டுக்கு ஆண்டு மாறவும் கூடும். இக்கணக்கை அவர்கள் மறைப்பதில்லை. தத்தம் வலைத்தளங்களில் வெளியிடுகின்றனர்.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்குவோம். இது விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட கணக்கு. முருகன், செல்வி என இரு விண்ணப்பதாரர் உள்ளனர் என்க. எல்லாம் நூற்றுக்குக் கணக்கிட்டால், முருகனுக்கு நுழைவுத் தேர்வில் 60, பத்தாம் வகுப்பில் 85, பன்னிரண்டில் 80, பட்டத்தில் 80. வேலை அனுபவம் இல்லை. செல்விக்கு நுழைவுத் தேர்வில் 80, பத்தாம் வகுப்பில் 80, பன்னிரண்டில் 75, பட்டத்தில் 52. இரண்டாண்டு வேலை அனுபவம் உண்டு.

முதல் நிலையம் நுழைவுத் தேர்வுக்கு 50, பத்துக்கு 10, பன்னிரண்டுக்கு 10, பட்டத்துக்கு 15, அனுபவத்துக்கு 15 என மதிப்பிடுகிறது. முருகன் பெறுவது 30, 8.5, 8, 12, 0, மொத்தம் 58.5. செல்வி பெறுவது 40, 8, 7.5, 7.8, அனுபவத்துக்கு 15-இல் 10 கொடுத்தால் மொத்தம் 73.3. பட்டத்தில் செல்வி இழந்தது 4.2 மதிப்பெண்ணே, நுழைவுத் தேர்வில் மட்டும் 10 மதிப்பெண் முந்திவிட்டார்.

இரண்டாம் நிலையம் நுழைவுத் தேர்வுக்கு 40, பத்துக்கு 15, பன்னிரண்டுக்கு 15, பட்டத்துக்கு 30 என மதிப்பிடுகிறது, அனுபவத்தைக் கருதுவதில்லை. இங்கே முருகனுக்கு 72.75, செல்விக்கு 70.85. அதே இருவர், அதே மதிப்பெண்கள், முடிவோ தலைகீழாயிற்று.

இதிலிருந்து பெறும் பாடம் யாது? களர் நிலத்தில் எந்தப் பயிரையும் விதைத்துவிட்டு விதியை நோவதில்லை; களர் தாங்கும் பயிரைத் தேடி விதைக்கிறோம். அதுபோல, பட்டத்தில் மதிப்பெண் குறைந்தவர் எல்லா நிலையங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பித்துப் பணத்தை இழத்தல் ஆகாது. ஒவ்வொரு நிலையத்தின் கணக்கையும் எடுத்து, தம் மதிப்பெண்ணை அதில் இட்டுப் பார்த்து, நுழைவுத் தேர்வுக்கும் அனுபவத்துக்கும் மிகுதியான மதிப்பளிக்கும் இடங்களையே முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும்.

ஐ.ஐ.எம். தவிர்ந்த நிலையங்களையும் மறத்தல் கூடாது. ஜாம்ஷெட்பூரில் 1949 முதல் விளங்கும் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிலையம் 'சேட்' என்னும் வேறொரு தேர்வின் வழியாக மாணவரைச் சேர்க்கிறது. வேளாண் பட்டதாரிகளுக்கு அகமதாபாத், லக்னோ ஐ.ஐ.எம். நிலையங்களில் உணவு, வேளாண் வணிகம் பற்றிய தனிப் படிப்புகள் உள்ளன. ஐதராபாத்திலுள்ள 'மேனேஜ்' என்னும் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்திலும் வேளாண் வணிகப் படிப்பு உண்டு. நம் மாநிலக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் 'டான்செட்' தேர்வை நடத்துகிறது.

மூன்றாம் படி: புதிய சான்று தேடுதல்

குறைந்த மதிப்பெண்ணைக் காணும் தேர்வாளர் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே: "இவர் கடினமான படிப்பைத் தாங்குவாரா?" இக்கேள்விக்கு விண்ணப்பதாரர் வாய்ச்சொல்லால் விடை கூற இயலாது, சான்றினால்தான் கூற இயலும். அத்தகைய சான்றுகள் மூன்று.

முதலாவது, நுழைவுத் தேர்வு. கேட் தேர்வில் ஆங்கில வாசிப்பு, தரவுகளை ஆராய்ந்து தர்க்கமுறையில் விடை காணல், கணிதம் என மூன்று பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். மொத்தம் 2 மணி நேரம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் கழிக்கப்படும். விடையைத் தாமே எழுதும் வகையில் கழிவு இல்லை. கணிதம் பெரும்பாலும் பள்ளிக்கூட அளவினதே: விழுக்காடு, விகிதம், வட்டி, வேகம், இயற்கணிதம், வடிவியல் ஆகியன. ஆனால் விரைவும் தெளிவும் வேண்டும்.

தேர்வு முடிவு 'பெர்சென்டைல்' என்னும் வரிசை அளவில் தரப்படும். இது விழுக்காடு அன்று. 99 பெர்சென்டைல் என்றால் எழுதியவருள் நூற்றுக்கு 99 பேர் இவருக்குப் பின்னே உள்ளனர் என்பது பொருள். 2024-இல் ஏறத்தாழ 2,93,000 பேர் எழுதினர். அதில் 99 பெற்றவருக்கு முன்னே ஏறத்தாழ 2,900 பேர் நின்றனர். பட்டத்தில் மதிப்பெண் குறைந்தவர் மற்றவரினும் உயர்ந்த வரிசையைப் பெற்றாக வேண்டும் என்பதை மறைப்பதில் பயனில்லை. அன்றியும், பகுதிதோறும் தனிக் கீழ்வரம்பு வைக்கின்றனர். ஆதலின் கணிதத்தில் வல்லவர் ஆங்கிலத்தைக் கைவிடல் ஆகாது. தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகள் ஊர்ப்புற நூலகத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாசித்து, அதன் கருத்தை நான்கு வரிகளில் தாமே எழுதிப் பழக வேண்டும். ஓராண்டு இதனைத் தவறாது செய்தல் விலையுயர்ந்த பயிற்சி வகுப்பினும் மேலான பயன் தரும். தேர்வின் வலைத்தளத்தில் மாதிரித் தேர்வு இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, புதிய பாடங்கள். எந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைந்ததோ அப்பாடத்தையோ, அதற்கு இனமான பாடத்தையோ மீண்டும் படித்துத் தேர்வெழுதிக் காட்டல் வேண்டும். மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்திலும், ஐ.ஐ.டி. நிலையங்கள் நடத்தும் 'என்.பி.டெல்.' வகுப்புகளிலும் புள்ளியியல், கணக்கியல், பொருளாதாரம் முதலிய பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்தில் எழுதினால் மதிப்பெண்ணுடன் சான்றிதழ் கிடைக்கும். இச்சான்றிதழ் ஐ.ஐ.எம். கணக்கில் நேரே ஏறாது. ஆனால் நேர்காணலில், "இவர் இன்று படிக்க வல்லவர்" என்பதற்குச் சாட்சியாக நிற்கும்.

மூன்றாவது, வேலை அனுபவம். பட்டம் பெற்றபின் முழுநேரமாக, ஊதியம் பெற்றுச் செய்த வேலையே பெரும்பாலும் எண்ணப்படும். பணி நியமன ஆணை, ஊதியம் வங்கியில் வரவான விவரம், விடுவிப்புச் சான்று ஆகியவற்றைத் தொடக்க நாள் முதலே பத்திரப்படுத்த வேண்டும். சொந்த நிலத்தில் உழைத்த உழைப்பு உயர்ந்ததே. ஆயினும் ஊதியச் சான்று இல்லாத நிலையில் அது கணக்கில் ஏறுதல் அரிது. அதனை நேர்காணலில் எடுத்துரைக்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், பால் கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழுக் கூட்டமைப்பு ஆகியவற்றில் கணக்கராகவோ மேலாளராகவோ இரண்டாண்டு முறையாகப் பணியாற்றிய பிள்ளைக்கு, தேர்வாளரிடம் சொல்வதற்குச் சொந்தச் செய்தி இருக்கும்.

நான்காம் படி: குறையை எடுத்துரைக்கும் முறை

நேர்காணலில், "உங்கள் பட்ட மதிப்பெண் ஏன் குறைந்தது?" என்ற கேள்வி வந்தே தீரும். இதற்கு விடை கூறும் முறை பலரைத் தேர வைக்கிறது. பலரைத் தோற்கவும் வைக்கிறது. "உடல்நலக் குறைவாலும் குடும்பச் சூழலாலும் மதிப்பெண் குறைந்தது" என்பது பெரும்பாலோர் கூறும் விடை. இதில் தேர்வாளர் பற்றிக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. இதனுடன் பின்வரும் மாதிரியை ஒப்பிட்டுப் பார்க்க:

"இரண்டாம் ஆண்டில் என் தந்தையார் காலில் அடிபட்டு ஐந்து மாதம் படுத்திருந்தார். மூன்று ஏக்கர் சம்பா சாகுபடி என் பொறுப்பாயிற்று. ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லி உதவி கேட்டிருக்கலாம். கேளாமல் இரண்டையும் சுமக்க முயன்றது என் பிழை. நான்கு தாள்களில் தவறினேன். மூன்றாம் ஆண்டில் நான்கையும் எழுதித் தேறினேன். இறுதிப் பருவத்தில் 68 பெற்றேன். பின்னர்ப் புள்ளியியல் பாடம் படித்துத் தேர்வெழுதி 81 பெற்றேன்."

இவ்விடையில் நடந்தது என்ன என்பது உண்டு. தன் பங்கு என்ன என்பது உண்டு. பின்னர் மாறியது என்ன என்பதும் எண்களோடு உண்டு. பிறர் மேல் பழி இல்லை. இரக்கம் வேண்டும் தொனியும் இல்லை. அரை நிமிடத்தில் கூறி முடிக்கத் தக்கது.

பெரிய காரணம் ஏதும் இல்லாதவர் காரணத்தைப் புனைதல் கூடாது. "ஆங்கிலத்தில் நடந்த பாடம் முதலாண்டில் எனக்குப் புரியவில்லை; கேட்க வெட்கப்பட்டேன்; அதனால் பின்தங்கினேன்" என்பது மதிப்புடைய விடையே. விளையாட்டில் பொழுது போயிருப்பின் அதையும் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டவரிடம் அடுத்த கேள்வி எளிதாக வரும். புனைந்தவரைக் கேள்விகள் துரத்தும்.

இன்னொன்றும் உண்டு. தேர்வாளர்கள் பட்டப் பாடத்திலிருந்தே கேள்வி கேட்பர். தாவரவியல் படித்தவரிடம் ஒளிச்சேர்க்கை பற்றியும், பொருளாதாரம் படித்தவரிடம் பணவீக்கம் பற்றியும் கேட்பர். மதிப்பெண்ணும் குறைந்து, பாடமும் தெரியாது என்றால் அவர்களுடைய ஐயம் உறுதியாகிவிடும். ஆகவே, பழைய புத்தகங்களைத் திரும்ப எடுத்து, தவறிய தாள்களையே முதலில் படித்துத் தெளிதல் வேண்டும்.

வெளிநாட்டு வணிகப் பள்ளிகள்

அமெரிக்காவில் 1881-இல் தோன்றிய வார்ட்டன், 1908-இல் தோன்றிய ஹார்வர்டு, 1925-இல் தோன்றிய ஸ்டான்ஃபோர்டு ஆகிய வணிகப் பள்ளிகள் வேறு முறையைக் கையாளுகின்றன. அவை மதிப்பெண்களை ஒரு வாய்பாட்டில் இட்டுக் கூட்டுவதில்லை. பட்ட மதிப்பெண் பட்டியல், 'ஜிமேட்' அல்லது 'ஜி.ஆர்.இ.' தேர்வு, கட்டுரை, பரிந்துரைக் கடிதம், வேலை வரலாறு, நேர்காணல் ஆகிய அனைத்தையும் சேர்த்து ஒரு மனிதராக எடைபோடுகின்றன. ஹார்வர்டில் பட்ட மதிப்பெண்ணுக்குக் கீழ்வரம்பு இல்லை. எனினும் அங்குச் சேர்வோரில் பெரும்பாலோர் உயர்ந்த மதிப்பெண் பெற்றவரே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு ஏறியதா, இறங்கியதா என்பதையும் அவர்கள் நோக்குவர். விண்ணப்பத்தில் கூடுதல் விளக்கத்துக்கென ஓர் இடம் உண்டு. மேலே கூறிய வகையில் சுருக்கமான விளக்கத்தை அங்கே எழுதலாம். ஜிமேட், ஜி.ஆர்.இ. மதிப்பெண்கள் 5 ஆண்டுகள் செல்லும். கேட் மதிப்பெண்ணோ ஓராண்டே செல்லும். நம் மூன்றாண்டுப் பட்டத்தை எல்லாப் பள்ளிகளும் ஒன்றுபோல் ஏற்பதில்லையாதலால், பணம் கட்டுமுன் கேட்டறிதல் நலம்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. "இவர் நற்குணமும் நன்னடத்தையும் உடையவர்" என்னும் சான்று இங்கே பயன்படாது. விண்ணப்பதாரரின் வேலையை நேரே மேற்பார்வையிட்டவர் எழுதும் கடிதத்தையே அப்பள்ளிகள் விரும்புகின்றன. நீங்கள் அவ்வாறு மேற்பார்வையிட்டிருந்தால், கண்ணாற் கண்ட ஒரு செயலை, அதன் விளைவோடு எழுதுங்கள். காணாததை எழுதாதீர்கள்.

பணமும் ஏமாற்றும்

பழைய ஐ.ஐ.எம். நிலையங்களில் இரண்டாண்டுப் படிப்புக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணமாகிறது. இதைக் கேட்டு அஞ்சி நிலத்தை விற்க முற்படுதல் வேண்டாம். இடம் கிடைத்தபின் வங்கிகள் இத்தகைய நிலையங்களுக்குக் கல்விக் கடன் வழங்குகின்றன. 2024-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 'பி.எம். வித்யாலட்சுமி' திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையங்களில் சேர்வோர் ஈடும் பிணையும் இன்றிக் கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ளோர், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை பெற வழியுண்டு. வறிய குடும்பத்தினர்க்கு ஐ.ஐ.எம். நிலையங்களே உதவித் தொகையும் வழங்குகின்றன. ஆயினும் கடன் கடனே. திருப்பிச் செலுத்தும் தவணையையும் படித்தபின் எதிர்பார்க்கத்தக்க வருமானத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபின்னரே கையெழுத்திட வேண்டும்.

மதிப்பெண் குறைந்த பிள்ளையின் வீட்டைத் தேடித் தரகர் வருவதுண்டு. "ஐ.ஐ.எம்.-இல் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருகிறேன்" என்பார். ஐ.ஐ.எம். நிலையங்களில் அப்படியோர் ஒதுக்கீடே கிடையாது. "அனுபவச் சான்றிதழ் தயாரித்துத் தருகிறேன்" என்பார் இன்னொருவர். அது பொய்யாவணம், படிப்பின் நடுவிலும் வெளியேற்றப்பட நேரும். குறைந்த மதிப்பெண் வெட்கத்துக்கு உரியதன்று. பொய்ச் சான்றிதழே வெட்கத்துக்கு உரியது.

ஊராட்சி செய்யத்தக்கவை

இடஒதுக்கீட்டுச் சான்றிதழ்களில் ஏற்படும் தாமதத்தால் வாய்ப்பை இழப்போர் உண்டு. மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டைப் பெற, மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது; மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் சேர்ந்தவரல்லர் என்ற சான்று வேண்டும். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்க்கும் தனிச் சான்று உண்டு. இவற்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் உரிய காலத்தில் பெறுமாறு ஊராட்சி அங்கத்தினர் வழிகாட்டலாம். நூலகத்துக்கு ஆங்கில நாளிதழ் ஒன்று வரச் செய்தல், இணைய வசதியுள்ள ஓர் இடத்தைத் தேர்வுக்குப் படிப்போர்க்கு மாலையில் திறந்து வைத்தல் ஆகியனவும் பெருஞ்செலவின்றிச் செய்யக் கூடியவையே.

ஆண்டுப் பருவம்

ஆடி மாதத்தில் கேட் அறிவிப்பு வரும். ஆவணியில் விண்ணப்பிக்க வேண்டும். கார்த்திகையில், பெரும்பாலும் நவம்பர் இறுதி ஞாயிற்றுக்கிழமை, தேர்வு நடைபெறும். மார்கழியில் முடிவு தெரியும். தை முதல் பங்குனி வரை நேர்காணல். சித்திரை, வைகாசியில் சேர்க்கை ஆணை. ஆனியில் வகுப்பு தொடங்கும். ஆவணியில் தவறவிட்டவர்க்கு அடுத்த ஆவணியே. ஆதலின் இந்த ஆண்டு பட்டம் பெற்றவர், அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு இன்றே படிக்கத் தொடங்கி, இடையில் ஒரு முறையான வேலையிலும் அமர்தல் மிகவும் பொருத்தமாகும்.

படிப்பு வட்டத்தில் விவாதிப்பதற்கு

1. நம் ஊரில் கடந்த மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றவர் எத்தனை பேர்? அவர்களுள் 50-க்கும் 60-க்கும் இடையே மதிப்பெண் பெற்றவர் இன்று என்ன செய்கின்றனர்?

2. மேலே தந்த கணக்கில், செல்வி நுழைவுத் தேர்வில் 80-க்குப் பதில் 90 பெற்றிருந்தால் இரண்டாம் நிலையத்தில் முடிவு என்னவாகியிருக்கும்? கணக்கிட்டுப் பார்க்க.

3. நம் ஊரிலோ அருகிலோ உள்ள கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பட்டதாரிக்கு முறையான நியமன ஆணையுடன் வேலை தர இயலுமா?

4. மத்திய அரசுப் படிவத்தில் சான்றிதழ் பெற நம் வட்டத்தில் எத்தனை நாள் ஆகிறது?

குறுவை பொய்த்த ஆண்டில் குடியானவர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுவதில்லை; சம்பாவுக்கு நாற்றுவிடுகிறார். ஆனால் பொய்த்த காரணம் தண்ணீரா, விதையா, பூச்சியா என்பதை ஆராய்ந்த பின்னரே விடுகிறார். மதிப்பெண் குறைந்த பிள்ளையிடமும் நாம் கேட்க வேண்டியவை அவ்விரண்டே: குறைந்தது எதனால்? அடுத்த நடவுக்கு என்ன ஆயத்தம்? இக்கேள்விகளைக் கோபமின்றிக் கேட்கும் பெற்றோரும், விடை காண உதவும் ஊராட்சியும் அமைந்தால், 52 என்ற எண் ஒரு தீர்ப்பாக நில்லாது. பழைய பக்கத்தின் ஒரு வரியாக மட்டுமே நிற்கும்.